உனக்குக் கொழுப்பு எத்தனை பர்சென்ட்?

தமிழில் ஒரு ஆளைத் திட்டுவதற்குக் 'கொழுப்பு' மாதிரி சௌகரியமான வார்த்தை வேறு கிடையாது. கண்டக்டரிடம் பாக்கிச் சில்லறையை ஞாபகப்படுத்தினால் கொழுப்பு. மேனேஜர் கூப்பிட்டு இரண்டு நிமிஷம் தாமதமாகப் போனால் கொழுப்பு. பெண் பார்க்கப் போன வீட்டில் பஜ்ஜி வேண்டாம் என்றால் அதுவும் கொழுப்பு. இத்தனை காலமாகத் திட்டி வந்திருக்கிறோமே தவிர, 'எத்தனை பர்சென்ட்?' என்று ஒருத்தரும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறார்கள். ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு ஒரு கண்ணாடிப் பலகை வாங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றால் புள்ளி வைத்துப் பதில் வருகிறது.

பழைய பஸ் ஸ்டாண்டுகளிலும் ரயில்வே ஸ்டேஷன்களிலும் கலர் பல்பு சுற்றிக்கொண்டிருக்கும் எடை மெஷின் ஞாபகம் இருக்கிறதா? காசு போட்டால் 'டொக்' என்று ஒரு சின்ன அட்டை விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் ஜோசியம். எடையை யாரும் பார்க்கமாட்டார்கள். 'நீங்கள் பிறருக்கு உதவும் குணம் கொண்டவர்' என்பதை மட்டும் பர்ஸில் வைத்துக்கொள்வார்கள். இந்தப் புதுப் பலகையும் அதே வம்சம்தான். எடை, கொழுப்பு, தசை, எலும்பு, நீர், 'உடல் வயது' என்று ஒரு டஜன் பதில்கள் செல்போனில் வந்து விழுகின்றன. அதில் எது எடை, எது ஜோசியம் என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்த வாரச் சங்கதி.

எங்கள் ஊர் அதியமான்கோட்டை. தருமபுரியிலிருந்து சேலம் போகிற ரோட்டில், பஸ் ஏறி உட்கார்ந்து டிக்கெட் வாங்குவதற்குள் வந்துவிடும். இங்கே பலகை வந்து சேர்ந்தது என் மச்சினன் தயவில். வயது 28, ஓசூரில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் வேலை, நண்பர்களோடு ரூம். உயரம் 170 சென்டிமீட்டர், எடை 64 கிலோ. உயரத்துக்கு ஏற்ற எடைதானா என்று பார்க்க பி.எம்.ஐ. என்று ஒரு கணக்கு இருக்கிறதல்லவா, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பது, அதில் 22.1 வருகிறது. இந்தியர்களுக்கு 23 வரை ஓகே என்கிறார்கள். ஆக, பையன் சுத்தமாகப் பாஸ்.

ஆனால் கம்பெனி மெடிக்கல் கேம்ப்பில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது சர்க்கரை 112. நூறுக்குள் இருக்கவேண்டியது. 126 என்றால் சர்க்கரை வியாதி. இது நடுவாந்திரம்.

"மெஷின் தப்பு மாமா. நான் ஒல்லி. ஒல்லியா இருக்கறவனுக்கு எப்பிடி சுகர் வரும்?"

இதை அவன் சொன்னபோது திண்ணையில் என் மாமனார் உட்கார்ந்திருந்தார். ஆயுசில் 52 கிலோவைத் தாண்டாத மனுஷர். நிலக்கடலை, தக்காளி என்று காடு கழனியிலேயே கிடந்தவர். காலில் முள் குத்தி, புண் ஆறாமல் இழுத்துக்கொண்டே போய், ஆஸ்பத்திரியில் காட்டியபோதுதான் சர்க்கரை என்று தெரிந்தது. ஒரு விரலை எடுக்கவேண்டியதாகிவிட்டது. அவரும் அதுவரை இதே வசனத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியரம்மா வீடு தேடி வந்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். (அந்தத் திட்டத்தை 2021 ஆகஸ்டில் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் ஆரம்பித்தார்கள்.)

மாமனார் ஒன்றும் சொல்லவில்லை. காலைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டார். அந்த வாரமே மச்சினன் பலகைக்கு ஆர்டர் போட்டான்.

ஒல்லியாக இருந்துகொண்டு கொழுப்பாக இருப்பது எப்படி? இதற்கு உலகப் பிரசித்தமான ஒரு போட்டோவே இருக்கிறது. 2004-ல் 'லான்செட்' மருத்துவப் பத்திரிகையில் வந்தது. இரண்டு டாக்டர்கள், வெள்ளைச் சட்டையில் பக்கத்தில் பக்கத்தில். ஒருவர் லண்டன் ஜான் யுட்கின். இன்னொருவர் புனே கே.இ.எம். ஆஸ்பத்திரியின் சித்தரஞ்சன் யாஜ்னிக். இரண்டு பேருக்கும் பி.எம்.ஐ. அச்சாக ஒன்றே, 22.3. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் லண்டன்காரர் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம். புனேக்காரருக்கு 21.2. இரண்டு மடங்குக்கும் மேல்! யாஜ்னிக் குழுவினர் இதைப் பிறந்த குழந்தைகளிடமே பார்த்திருக்கிறார்கள். நம் நாட்டுக் குழந்தை வெள்ளைக்காரக் குழந்தையைவிட எடை குறைவாகப் பிறக்கிறது. ஆனால் குறைவது தசையும் உறுப்புகளும்தான். கொழுப்பை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்துவிடுகிறது. நம் ஜாதகத்தில் ஒல்லியும் கொழுப்பும் ஒரே வீட்டில்.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. 1942-ல் அமெரிக்கக் கடற்படை டாக்டர் ஆல்பர்ட் பென்கே, 25 தொழில்முறை ஃபுட்பால் வீரர்களைப் பிடித்தார். ராணுவத்தின் உயரம்-எடை அட்டவணைப்படி அதில் 17 பேர் குண்டு, பட்டாளத்துக்கு லாயக்கில்லை. பென்கே அவர்களைத் தண்ணீருக்குள் முக்கி எடை போட்டார். ஆர்க்கிமிடீஸ் சமாசாரம்தான். கொழுப்பு மிதக்கும், தசையும் எலும்பும் அமுங்கும். தண்ணீருக்குள் எடை எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால் கொழுப்பு எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிடலாம். பார்த்தால், அதில் பெரும்பாலானவர்களுக்கு அந்த எடை தசை. மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டுத் தண்ணீருக்குள் அசையாமல் உட்காரவேண்டும். நம் ஊர்க் கிணற்றில் யாராவது முயற்சி செய்தால் முதலில் தீயணைப்பு வண்டி வரும்.

ஆக, எடை என்கிற ஒற்றை நம்பர் இரண்டு பக்கமும் ஏமாற்றும். அதனால்தான் கொழுப்பைத் தனியாக அளக்கும் ஆசை வந்தது. 1990-களின் ஆரம்பத்தில் ஜப்பானின் 'டனிடா' கம்பெனி, ஏறி நின்றாலே கொழுப்பு சொல்லும் மெஷினைக் கொண்டுவந்தது. இன்றைக்கு விற்கிற பலகைகளெல்லாம் அதன் பிள்ளை, பேரன்கள்.

அது எப்படி வேலை செய்கிறது? எங்கள் ஊர்க் கால பைரவர் கோயிலுக்கு வந்திருக்கிறீர்களா? தேய்பிறை அஷ்டமிக்கு ஜனங்கள் சாம்பல் பூசணியை இரண்டாக வெட்டி, எண்ணெய் ஊற்றித் திரி போட்டு விளக்கேற்றுவார்கள். அந்தப் பூசணிதான் பாடம். பூசணிச் சதை பூராவும் தண்ணீர், அதில் கொஞ்சம் உப்பு. இரண்டு ஒயரைச் செருகினால் கரண்ட் ஓடும். அதற்குள் ஊற்றியிருக்கிற எண்ணெயில் ஓடாது. நம் உடம்பும் அதேதான். கொழுப்பு நீங்கலான பாகத்தில் முக்கால்வாசி, கணக்காகச் சொன்னால் சுமார் 73 சதவீதம், தண்ணீர். கரண்ட் ஓடும். கொழுப்பில் தண்ணீர் ரொம்பக் குறைவு. கரண்ட் தயங்கும்.

பலகையில் நாலு உலோகத் தகடு இருக்கிறது. ஒரு காலில் கரண்ட் ஏறி, தொடை வழியாக இடுப்புக்கு வந்து, அடுத்த கால் வழியாக இறங்கிவிடும். ஒரு மில்லி ஆம்பியர்கூட இருக்காது. வினாடிக்கு ஐம்பதாயிரம் தடவை திசை மாறுகிற கரண்ட் என்பதால் சுருக்கென்றும் தெரியாது. எவ்வளவு தடை இருக்கிறது என்று மெஷின் பார்த்துக்கொள்ளும். ப்ளஸ் டூவில் படித்த ஓம் விதி, அவ்வளவுதான்.

கவனித்தீர்களா? கரண்ட் காலில் ஏறிக் காலில் இறங்கிவிட்டது. வயிற்றுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நம் ஆட்களுக்குக் கொழுப்பு சேருகிற இடமே அதுதான். அப்புறம் எப்படி 'வயிற்றுக்குள் கொழுப்பு லெவல் 9' என்று சொல்கிறது? ஊகம்தான், சார். நாம் செல்போனில் தட்டிக் கொடுத்த உயரம், வயது, ஆணா பெண்ணா, இவற்றோடு எடையையும் அந்தத் தடையையும் சேர்த்து ஒரு ஃபார்முலாவில் போட்டுப் பிசைகிறது. அந்த ஃபார்முலா ஏற்கெனவே சில நூறு, சில ஆயிரம் பேரை ஸ்கேனிலும் தண்ணீரிலும் அளந்து தயாரித்தது. அவர்கள் நம்மைப் போன்ற உடம்புக்காரர்களாக இருந்தால் பதில் கிட்டே வரும். வெளிநாட்டு ஆட்களாக இருந்தால், ஒல்லியான நம்மவர்களுக்குக் கொழுப்பைக் குறைத்துச் சொல்லிவிட வாய்ப்பு உண்டு. நல்ல ஸ்கேனோடு ஒப்பிட்டால், ஒரு தனி ஆளுக்கு நாலைந்து சதவீதம் முன்னே பின்னே போவது சாதாரணம்.

நம்பாவிட்டால் வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். மச்சினனை ஏற்றினோம். 25.8 என்றது. இறங்கச் சொல்லி, செல்போனில் வயதை 28-லிருந்து 48 ஆக்கி மறுபடி ஏற்றினோம். 29.3!

"மாமா, ரெண்டு நிமிஷத்துல மூணரை பர்சென்ட் ஏறிடுச்சே!"

"இரு மாப்ளே, இறக்கிடலாம்" என்று வயதைப் பழையபடி மாற்றி, 'விளையாட்டு வீரர்' என்று ஒரு பட்டன் இருந்தது, அதைத் தட்டினோம். 20.6. அதே ஆள், அதே லுங்கி. தினமும் கணக்காக உடற்பயிற்சி செய்கிறவர்களுக்காக வைத்த பட்டன் அது. டி.வி.யில் கிரிக்கெட் பார்க்கிறவர்கள் தொடக்கூடாது.

அப்படியானால் மெஷின் வீணா? இல்லை. சரியாகக் காட்டாத கடிகாரத்தை வைத்துக்கொண்டு மணி சொல்லமுடியாது. ஆனால் இட்லி எத்தனை நிமிஷம் வெந்தது என்று சொல்லமுடியும். 25.8 என்பதை நம்பவேண்டாம். மூன்று மாதம் கழித்து, அதே மெஷின், அதே ஆள், அதே நேரத்தில் 24 காட்டினால் அந்தக் குறைச்சலில் ஏதோ விஷயம் இருக்கிறது. ஆண்களுக்கு 25-ஐத் தாண்டினால் அதிகம் என்று பொதுவாக வைத்துக்கொள்கிறார்கள். எல்லோரும் கையெழுத்துப் போட்ட சட்டம் ஒன்றும் இல்லை.

'அதே நேரத்தில்' என்பதுதான் சூட்சுமம். காலையில் எழுந்து, பாத்ரூம் போய்வந்து, காபிக்கு முன்னால், குளிப்பதற்கு முன்னால். வெறுங்கால், கெட்டியான சமதரை. பாய், ஜமக்காளம் எல்லாம் ஆகாது. சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து ஏறினால் காலில் நீர் இறங்கியிருக்கும். தண்ணீர் அதிகம், தடை கம்மி. கொழுப்பு குறைந்துவிட்டதாகக் காட்டி உங்களைச் சந்தோஷப்படுத்தும். ஓடி வியர்த்த பிறகு ஏறினால் உடம்பில் நீர் கம்மி. கொழுப்பு ஏறினதாகக் காட்டும். நியாயமா இது? ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு உடனே ஏறினாலும் அப்படித்தான். எடை கூடும், தடை மாறாது, அந்த அரை கிலோ தண்ணீரைக் கொழுப்புக் கணக்கில் எழுதிவிடும். சனிக்கிழமை ராத்திரி பரோட்டா, சால்னா என்றால் ஞாயிற்றுக்கிழமை காலை நம்பரை வைத்து மனசு உடையவேண்டாம். உப்பு பிடித்துவைத்த நீர் அது. பித்தவெடிப்புக் கால்காரர்கள் பாதத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொள்வது நல்லது. காய்ந்த தோல் வழியாகக் கரண்ட் நுழையாது. தினமும் ஏறினால் ஏழு நாள் சராசரியைப் பாருங்கள். ஒரு நாள் நம்பர் ஒரு நாள் ஷேர் மார்க்கெட் மாதிரி.

இன்னொன்று. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்தப் பலகையில் ஏறவே கூடாது. கர்ப்பிணிகளும் வேண்டாம். 'தாத்தா, நீங்களும் வாங்க' என்று உற்சாகமாகக் கூப்பிடுவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது என்ன பார்ப்பது? கையால் பிடிக்கிற மாடல் மேல் உடம்பை மட்டும் பார்க்கும், பலகை கீழ் உடம்பை மட்டும். கையிலும் காலிலும் சேர்த்து எட்டுத் தகடு வைத்த மாடல் வயிற்று வழியாகவும் கரண்டை அனுப்பும். ஆகவே தேவலை. விலையும் அந்த அளவுக்குத் தேவலை இல்லை. எடையை ஒழுங்காகக் காட்டுகிறதா என்பதுதான் முதல் பரீட்சை. ஐந்து தடவை தொடர்ந்து ஏறி இறங்குங்கள். ஐந்து பதில் வந்தால் திருப்பி அனுப்பிவிடலாம். பன்னிரண்டு விஷயம் சொல்கிற மெஷின், ஆறு சொல்கிற மெஷினைவிட உசத்தி என்று நினைக்காதீர்கள். எலும்பு எடை, உடல் வயது எல்லாம் அதே ஒரு தடையை வைத்து நெய்த துணிகள். அட்டையின் பின்பக்கத்து ஜோசியம் என்று சொன்னேனே, அது இதுதான். ரூம்மேட்டுகளோடு இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: சில மெஷின்கள் எடையை வைத்துத்தான் ஆளை அடையாளம் கண்டுபிடிக்கும். மச்சினன் ரூமில் 64 கிலோ ஆசாமி இன்னொருத்தன் இருக்கிறான். பத்து நாள் அவன் கொழுப்பெல்லாம் இவன் கணக்கில் வரவு வைக்கப்பட்டது.

இனி நான் மெஷினைவிட அதிகமாக நம்புகிற சமாசாரம். ஒரு சணல் கயிறு. தலையிலிருந்து பாதம் வரை உங்கள் உயரத்துக்கு வெட்டுங்கள். இரண்டாக மடியுங்கள். அதை வயிற்றைச் சுற்றிக் கட்டுங்கள். முனையும் முனையும் சேர்ந்தால் சரி. சேராவிட்டால் இடுப்பு உயரத்தில் பாதியைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். இது பாட்டி வைத்தியம் இல்லை. இடுப்பு உயரத்தில் பாதிக்குள் இருக்கட்டும் என்று 2022-ல் பிரிட்டனின் 'நைஸ்' மருத்துவ அமைப்பே சொல்லியிருக்கிறது. இன்ச் டேப்பில் என்றால் இந்திய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. யோசித்துப்பார்த்தால் நம் முன்னோர் பிறந்த குழந்தைக்கே ஒரு மானிட்டர் கட்டிவிட்டிருக்கிறார்கள். அரைஞாண் கயிறு! பேட்டரி வேண்டாம், ப்ளூடூத் வேண்டாம், இறுக்கினால் அலாரம்.

ஒரே ஒரு கோளாறு. தொப்பை வளர வளர அரைஞாணும் பெல்ட்டும் நைஸாகக் கீழே இறங்கிவிடும். "பத்து வருஷமா எனக்கு 32 சைஸ்தான்" என்று பெருமை பேசுகிறவர்கள், அந்த 32 பத்து வருஷமாக எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்க்கவேண்டும். (குனிந்தால் தெரியவேண்டும்!) அளக்கவேண்டியது கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், சாதாரணமாக மூச்சை வெளியே விட்ட பிறகு. போட்டோவுக்கு நிற்கிற மாதிரி வயிற்றை உள்ளே இழுக்கக்கூடாது. மச்சினனும் 32 சைஸ்தான். கயிற்றைச் சுற்றியபோது இரண்டு முனைக்கும் நடுவில் ஆறு சென்டிமீட்டர் இடைவெளி. டேப்பில் 91. பையன் முகம் மாறியது அப்போதுதான். 25.8-ஐ மெஷின் தப்பு என்று சொல்லலாம். கயிறு தப்பு என்று எப்படிச் சொல்வது?

எங்கள் ஊர் அதியமான் நெடுமான் அஞ்சியைப் பற்றிச் சொன்னால் எல்லோருக்கும் நெல்லிக்கனிதான் ஞாபகம் வரும். எனக்குப் பிடித்தது வேறு கதை. அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போனார். தொண்டைமான் தன் ஆயுதக் கொட்டடியைச் சுற்றிக் காட்டினான். ஔவை பார்த்துவிட்டு, 'உன் வேலெல்லாம் மயில் பீலி சூடி, நெய் பூசி, காவலோடு ஜம்மென்று இருக்கிறது. எங்கள் ஆளுடையது முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறது' என்றாராம். நண்பர்கள் வீடுகளுக்குப் போகும்போது இந்தத் தொண்டைமான் கொட்டடியைப் பார்க்கிறேன். துண்டு காயப்போட்ட எக்ஸர்ஸைஸ் சைக்கிள். கட்டிலுக்கடியில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத டம்பெல். இப்போது பளபளவென்று ஒரு கண்ணாடிப் பலகை.

மச்சினன் பலகை ஓசூர் ரூமுக்குப் போயிற்று. நம்பரைத் தினசரி காலண்டர் தாளில் எழுதச் சொன்னேன். டாக்டர் சொன்னது நடை, கொஞ்சம் வெயிட் தூக்குதல், சாப்பாட்டில் அளவு. மருந்து இப்போதைக்கு இல்லை. ஒரு நாளைக்கு ஐந்து டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் என்று நாற்பது, ஐம்பது கிராம் சர்க்கரை உள்ளே போய்க்கொண்டிருந்தது. அது முதலில் நின்றது. "களி சாப்பிட்டா சுகரே வராதாமே மாமா?" என்றான். களியும் மாவுச்சத்துதான், உருண்டை எத்தனை என்பதுதான் கேள்வி என்றேன். எங்கள் ஊரில் உருண்டை சைஸைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

முதல் இரண்டு மாதம் எடை அசையவே இல்லை. "போதும் மாமா, வேஸ்ட்டு" என்று போன் செய்தான். அவனுக்கு ஒரு சென்னை ஆராய்ச்சியைச் சொன்னேன். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 2006-ல் வெளியிட்டது. சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்ற 531 பேர். சும்மா விடப்பட்டவர்களில் மூன்று வருஷத்தில் நூற்றுக்கு 55 பேர் சர்க்கரை நோயாளி ஆனார்கள். நடை, சாப்பாடு என்று மாற்றிக்கொண்டவர்களில் 39. விசேஷம் என்னவென்றால் அப்படித் தப்பித்தவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவே இல்லை. பஸ் ஸ்டாண்ட் மெஷினில் ஏறியிருந்தால் ஒன்றுமே நடக்கவில்லை என்றுதான் அட்டை விழுந்திருக்கும்.

நாலு மாதம் முடிந்து போன வாரம் வந்தான். எடை 63.4. அரை கிலோ சொச்சம்தான் குறைவு. பலகை 24 சொல்கிறது, நான் அதை ஒரு கல் உப்போடுதான் எடுத்துக்கொள்கிறேன். இடுப்பு 87. சணல் கயிற்றின் இடைவெளி ஆறிலிருந்து இரண்டாகிவிட்டது. சர்க்கரை 101. "பரவாயில்லை, இன்னும் நட" என்றாராம் டாக்டர். மாமனார் அந்த லேப் சீட்டை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். திருப்பிக் கொடுக்கவில்லை.

சாயங்காலம் மச்சினனைக் கூட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். சர்க்கரை இல்லாமல் இரண்டு டீ சொன்னதும், கடைக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னா தம்பி, இப்பிடி இளைச்சுப் போயிட்ட? ஓசூர்ல சரியா சோறு கெடைக்கறதில்லையா?"